மெட்டி விரல்

அத்தியாயம் 16

மூக்கண்டப்பள்ளி மூன்றாவது குறுக்குத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிய வேண்டுமானால் வெங்கடம்மாவைக் கேட்டால் போதும். அந்தக் குழம்பில் உப்பு ஏன் கூடியது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவாள். இருபது வருடமாகத் தெருவுக்கு அவள் செய்துவந்த இந்தச் சேவையை இப்போது தெரு அவளுக்குத் திருப்பிச் செய்துகொண்டிருந்தது.

ஆறு வாரமாகத் தெருவில் பேச்சு ஒன்றே ஒன்றுதான். அவள் மருமகள் காவேரியின் வலது கைக் கட்டை விரல்.

ஓசூர் சிப்காட்டில், இரும்புத் தகட்டை அமுக்கி வண்டி உதிரி பாகம் அடிக்கும் சின்ன பிரஸ் ஷாப் ஒன்றில் காவேரி ஆபரேட்டர். அதே ஷாப்பில் அவள் புருஷன் ஆஞ்சப்பன் செட்டர். மிஷினில் அச்சை மாட்டி, ஓட்டம் பார்த்து, பெண்கள் கையில் ஒப்படைக்கிற வேலை. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பிரஸ் இறங்கியது. தகடு மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் விரலும் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவோடு விட்டால் அது மூன்றாவது குறுக்குத் தெரு ஆகுமா?

துண்டான விரலைப் பக்கத்து மிஷின் இருளாயி சர்பத் கடை ஐஸில் போட்டு எடுத்து வந்தாள் என்று ஒரு கட்சி. இல்லை, குச்சி ஐஸ் பெட்டியில் என்று ஒரு கட்சி. சேமியா ஐஸா, பால் ஐஸா என்பது வரைக்கும் விசாரணை போனது. எந்த ஐஸாக இருந்தால் என்ன, ஐஸின் மேல் நேராகப் போட்டதுதான் தப்பு. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸுக்குள் வைத்திருக்க வேண்டுமாம். பிரஸ் நசுக்கியது பாதி, ஐஸ் கெடுத்தது மீதி. ஒட்டவைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

ஆனால் அதே ஆஸ்பத்திரியில், கை ஆபரேஷனுக்கென்றே இருக்கும் டாக்டர் கிருபாராணி வேறொன்றும் சொல்லியிருந்தார். இல்லாத விரலுக்குப் பதிலாக இன்னொரு விரலை வைக்கலாம். ஈ.எஸ்.ஐ. கடிதம் வந்து, தேதியும் வந்து, இன்றைக்கு விடியற்காலை பஸ்ஸில் எல்லோரும் புறப்பட்டு வந்துவிட்டார்கள். பஸ் முழுக்க ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஆஞ்சப்பன் நின்றுகொண்டே வந்தான். மனைவி பக்கத்தில் இடம் காலியான பிறகும் உட்காரவில்லை.

இன்னொரு விரல் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் அவன் அம்மாவிடம் சொல்லாமல் விட்டிருந்தான்.

*

"இடது கால். பெருவிரலுக்கு அடுத்த விரல்," என்றார் டாக்டர் கிருபாராணி, பேனாவின் மூடியால் காவேரியின் பாதத்தைத் தொட்டு.

அந்த விரலில் வெள்ளி மெட்டி இருந்தது.

வெங்கடம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "மெட்டி போட்ற வெரலையா?"

"ஆமாம்மா."

"அய்யோ தேவுடா! புருசன் கல்லாட்டம் உசுரோட இருக்கறப்போ மெட்டி வெரல அறுக்கறதா? எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா?"

"மாசத்துக்கு ரெண்டு பேர்கிட்டயாவது கேக்கறேன்," என்றார் டாக்டர் சிரிக்காமல். "வலது கால் மெட்டி அப்படியே இருக்கும். இந்த மெட்டிய மூணாவது விரல்ல போட்டுக்கட்டும்."

"நம்ம வூட்ட இடிச்சுப்புட்டு பக்கத்து வூட்ல குடியிருன்னு சொல்றீங்க."

"அத்தே," என்றாள் காவேரி தரையைப் பார்த்தபடி.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். பெருவிரலை எடுத்தால் நடை கெடும். இந்த விரலை எடுத்தால் செருப்பு போட்ட பிறகு யாருக்கும் தெரியாது. எலும்பு, நரம்பு, தசைநார், ரத்தக் குழாய் என்று எல்லாவற்றோடும் எடுத்துக் கையில் வைத்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே தைக்க வேண்டும். குழாயின் அகலம் பென்சில் முனை அளவு. தைக்கிற நூல் தலைமுடியை விட மெல்லிசு. பத்து மணி நேரம் ஆகும்.

"அப்புறம் அஞ்சு நாள் மணிக்கொரு தரம் அந்த விரலோட நிறத்தப் பாப்போம். சிவப்பா இருந்தா ரத்தம் ஓடுது. கறுத்தா உடனே திரும்ப உள்ள கொண்டு போகணும். நூறு பேருக்குச் செஞ்சா நாலஞ்சு பேருக்கு நிக்காமப் போகும், அதையும் சொல்லிடறேன். காபி கூடாது. பீடி சிகரெட் புகை பக்கத்துலயே வரக் கூடாது, குழாய் சுருங்கிடும். வீட்டுக்காரர் பிடிப்பாரா?"

காவேரி மாமியாரைப் பார்த்தாள். ஆஞ்சப்பன் ஒரு நாளைக்கு எத்தனை பீடி குடிக்கிறான் என்பது தெருவுக்கே தெரியும்.

"எங்க அவரு?" என்றார் டாக்டர்.

"ஈ.எஸ்.ஐ. கார்டு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்காரு," என்றாள் காவேரி.

"சரி. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஆபரேஷன். தியேட்டர் லிஸ்ட் இன்னிக்கு நாலு மணிக்கு மூடிடுவாங்க. காவேரிக்குச் சம்மதம். வீட்டு ஆள் ஒருத்தரும் கையெழுத்துப் போடணும். அவர் வரலன்னா நீங்க போடுங்கம்மா."

"எம் மவன் வரட்டும்."

"இன்னிக்கு விட்டா அடுத்த தேதி தீபாவளி தாண்டித்தான். அதுக்குள்ள இந்த இடம் இறுகிடும்." டாக்டர் காவேரியின் வலது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். நாலு விரல்கள் ஒரு பக்கமாக நிற்க, ஐந்தாவது இருந்த இடத்தில் தோல் வழவழவென்று மூடியிருந்தது. "நாலு விரல் இருந்தும் இந்தக் கையால ஒரு ஸ்பூன் பிடிக்க முடியாது. யோசிச்சுப் பாருங்க."

வெங்கடம்மா பார்க்கவில்லை. அவள் கண் கீழே, மெட்டியிலேயே இருந்தது.

*

அவளைச் சும்மா கிண்டல் செய்துவிட்டுப் போகவும் முடியாது.

வெங்கடம்மாவுக்கு இருபத்தொன்பது வயதில் பர்கூர் கல் குவாரியில் புருஷன் செத்தான். பத்தாம் நாள் மெட்டியைக் கழற்ற உட்கார்ந்தார்கள். ஆஞ்சப்பனைப் பெற்ற பிறகு கால் பெருத்துப் போயிருந்ததால் அது வரவில்லை. லாரி ஷெட்டுக்கு ஆளனுப்பிக் கட்டிங் பிளேயர் வாங்கி வந்து, இரண்டு கால் மெட்டியையும் கடித்து எடுத்தார்கள். அந்த விரல்களில் இன்றைக்கும் வெள்ளையாக ஒரு கோடு உண்டு. ஓசூருக்குக் குடி வந்த புதிதில் தெருப் பெண்கள் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, காலைத்தான். மற்றவர்கள் வீட்டுக் குழம்பை அவள் அன்றிலிருந்துதான் விசாரிக்க ஆரம்பித்தாள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வதுண்டு.

மெட்டி விரல் வெறுமையானால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவள் பயம் மருமகளின் காலைப் பற்றியது அல்ல. மகனின் உயிரைப் பற்றியது.

அந்த மகன்தான் ஒன்பது மணிக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனவன். மணி ஒன்றாகியும் ஆளைக் காணோம்.

வெங்கடம்மா தன்னிடம் இருந்த காவேரியின் செல்போனை இடுப்பிலிருந்து எடுத்து எடுத்து அடித்துப் பார்த்தாள். மணி போனது. எடுக்க ஆளில்லை.

"ஜெராக்ஸ் எடுக்கப் போனாகளா, மிஷினையே வாங்கப் போனாகளா?" என்றாள் இருளாயி.

இருளாயி பரமக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். துணைக்கு என்று சம்பளமில்லா லீவு போட்டு வந்திருந்தாள். அவளும் வெங்கடம்மாவும் ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெங்கடம்மாவுக்கு யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தது இருளாயிதான்.

"நீ அன்னைக்கு ஒழுங்கா துணியில சுத்தி எடுத்தாந்திருந்தீன்னா எங்களுக்கு இந்தத் தலையெழுத்து வந்திருக்குமா? ஐஸ்ல போட்டாளாம் ஐஸ்ல. மீனா அது?"

இருளாயிக்குச் சுருக்கென்றது. "யக்கா, ஐஸு என் தப்புத்தேன். ஆறு வாரமா நானும் ராத்திரி தூங்கல. ஆனா வெரலு ஐஸுக்கு வந்ததே அந்த டியூப்பாலதான? அத யாரும் கேக்க மாட்றீக!"

"எந்த டியூப்பு?"

இருளாயி வாயை மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்லக்கா. சாப்புடுங்க."

ஒன்றுமில்லை என்று சொன்னவர்களிடமிருந்து விஷயத்தைக் கறப்பதில் வெங்கடம்மாவுக்கு இருபது வருட அனுபவம். அரட்டவில்லை. ஊறுகாயை எடுத்து இருளாயி பக்கம் நகர்த்தி வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "பாவம், நீயும் பொழைக்க வந்தவதான் கண்ணு. உம் மேல பழி வந்துடக் கூடாது. அதுக்காகக் கேக்கறேன்."

மூன்றாவது வாய் சோற்றில் இருளாயி சொல்லிவிட்டாள்.

பிரஸ் மிஷினில் வலப்பக்கம் ஒரு பட்டன், இடப்பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். அப்போது இரண்டு கையும் பட்டனில் இருக்கும், உள்ளே போகாது. பாதுகாப்புக்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் ஷிப்டுக்கு எண்ணூறு பீஸ்தான் விழும். ஒரு பட்டனை ரப்பர் பட்டையால் இறுகச் சுற்றிக் கட்டி, அமுங்கினபடியே வைத்துவிட்டால் ஒரு கையால் பட்டன், மறு கையால் தகடு. ஆயிரத்து இருநூறு பீஸ்.

"எல்லா மிஷின்லயும் அப்படித்தேன்க்கா. இன்ஸ்பெக்டர் வர்றாருன்னா அவுத்துருவாக. அவரு கார் கேட்டத் தாண்டுனதும் திரும்பக் கட்டிருவாக. காவேரி மிஷின்ல வலது பட்டன் கட்டியிருந்துச்சு."

"கட்டறது யாரு?"

இருளாயி பொட்டலத்தை மடித்தாள்.

"யாருடி?"

"செட்டரு வேலதான அது," என்றாள் இருளாயி மெல்ல. "செவப்பு டியூப்பு. ஒரு வெரல் அகலத்துக்கு. எங்கிட்டு இருந்து வெட்டிக் கொண்டாருவாகளோ, அம்புட்டும் ஒரே அளவா இருக்கும்."

வெங்கடம்மா வாயில் இருந்த சோற்றை மெல்லுவதை நிறுத்தினாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஞ்சப்பன் லாரி டியூப் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டான். சிவப்பு டியூப். 'அம்மா, இத பட்டை பட்டையா வெட்டி வையி. கம்பெனிக்கு வேணும்.' அவள் பாகலூர் ரோட்டில் ரோஜா வளர்க்கும் கூடாரத்தில் வேலை செய்பவள். நாள் முழுக்க இருபது இருபது பூவாகச் சேர்த்து ரப்பர் போடுகிற கை. பூவுக்கு ரப்பர் போடுவது போல மிஷினுக்கும் எதையோ கட்டுவார்கள் என்று நினைத்தாள். டிவி பார்த்துக்கொண்டே அரிவாள்மணையில் உட்கார்ந்து வெட்டினாள். அளவு பிசகக் கூடாது என்று தன் கட்டை விரலை டியூப்பின் மேல் வைத்து வைத்து வெட்டினாள்.

மொத்தம் இருபத்து நாலு பட்டை. மிச்சம் ஒன்பதோ பத்தோ இன்னும் அடுப்படி அலமாரியில் கிடக்கிறது. 'எம் மவன் கையில்தான் அந்தக் கம்பெனியே ஓடுது' என்று அன்றைக்குச் சாயங்காலம் குழாயடியில் நாலு பேரிடம் சொல்லியும் வந்தாள்.

"யக்கா? என்னக்கா, விக்கிக்கிருச்சா?"

"சோத்துல காரம்," என்றாள் வெங்கடம்மா.

*

வார்டில் காவேரி கட்டிலில் உட்கார்ந்து, வலது கையின் நாலு விரல்களால் போர்வையின் நுனியைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்த மாதிரி வரும், இழுத்தால் நழுவும். மாமியாரைக் கண்டதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"டியூப்ப யாரு கட்டினாங்க?"

காவேரி நிமிர்ந்தாள். "நாந்தான்."

"ரெண்டு கையாலயும் பட்டைய இழுத்துச் சுத்தறதுக்கு உனக்குத் தெரியுமா?"

"நாந்தான் கட்டினேன் அத்தே. சூப்பர்வைசர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அவன் கட்டினான்."

வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். காவேரி குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு வேல போயிடும் அத்தே. கேஸுன்னு ஆனா ஜெயிலுங்கறாங்க. எனக்கு வெரல் மட்டுந்தான் போச்சு." முந்தானைக்குள் கையை இன்னும் இழுத்துக்கொண்டாள். "ஆறு வாரமா அவரு என் கையப் பாக்கவே இல்ல. சோறு போட்டா தட்டத்தான் பாக்கறாரு. ஒரு நாளு, 'என்னாத்துக்கு நீ பொய் சொன்ன'ன்னு கேட்டாரு. அப்புறம் பேசவே இல்ல."

வெங்கடம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவளுக்கு நேராக இரண்டு பாதங்கள், இரண்டு மெட்டிகள். தாலி கட்டின அன்று அம்மியின் மேல் இந்தக் காலைத் தூக்கி வைத்து ஆஞ்சப்பன் போட்டுவிட்ட மெட்டி. அது சின்னது, ஏறவில்லை என்று அவனை எல்லோரும் கேலி செய்தார்கள். அவளும்தான் செய்தாள்.

சிஸ்டர் வின்சி ஒரு தட்டுடன் வந்தாள். தட்டில் ஒரு சின்ன மிஷின், களிம்பு, மார்க்கர் பேனா. "கால்ல ரத்தக் குழாய் எங்க ஓடுதுன்னு டாக்டர் குறி போடணும். மெட்டிய எடுத்துடுங்கம்மா."

காவேரி இடது கையால் திருகினாள். அசையவில்லை. விரல் மெட்டிக்கு மேலேயும் கீழேயும் பிதுங்கி நின்றது.

"இறுகிப் போச்சே. பரவாயில்ல, எங்ககிட்ட கட்டிங் பிளேயர் இருக்கு. ஒரு நிமிஷம்…"

"வேணாம்!"

வெங்கடம்மா போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துவிட்டார்.

"பிளேயர் வேணாம் சிஸ்டர். நூலு இருக்குதா? கெட்டி நூலு. கொஞ்சம் சோப்பு."

"யக்கா!" என்றாள் வாசலில் நின்ற இருளாயி. "நீங்களா எடுக்கப் போறீக? நீங்க…" பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். புருஷன் இல்லாதவள் கையால் சுமங்கலியின் மெட்டியைக் கழற்றுவதா என்று முழுசாகக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"போட்டவன் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கான்," என்றாள் வெங்கடம்மா. "வேற யாரு இருக்காங்க?"

நூலின் ஒரு முனையை மெட்டிக்கு அடியில் ஊசி போல நுழைத்தாள். மறு முனையை விரல் நுனி வரைக்கும் நெருக்கமாக, இடைவெளி விடாமல், இறுகச் சுற்றினாள். சதை அமுங்கி விரல் ஒல்லியானது. சோப்பைத் தடவினாள். பிறகு அடியில் நுழைத்த முனையைப் பிடித்து மெதுவாகப் பிரிக்கப் பிரிக்க, மெட்டி ஒவ்வொரு சுற்றாக மேலே நகர்ந்தது. வலிக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. காவேரியும் சொல்லவில்லை. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. யாருக்கு எதற்காக என்று பிரித்துச் சொல்ல நம்மால் ஆகாது.

மெட்டி வெங்கடம்மாவின் உள்ளங்கையில் விழுந்தது.

இவ்வளவு லேசாகவா வரும் இது? அந்தப் பத்தாம் நாளில் யாராவது ஒருத்திக்கு ஒரு நூல் தோன்றியிருக்கக் கூடாதா?

டாக்டர் கிருபாராணி வந்து, களிம்பைத் தடவி, பேனா போன்ற கருவியை அந்த விரலின் ஓரத்தில் வைத்தார். கொரகொரவென்று இரைச்சல். கொஞ்சம் நகர்த்தினார். திடீரென்று உஷ்… உஷ்… உஷ்… என்று சீராக ஒரு சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

"இதாம்மா குழாய். நல்ல ஓட்டம்," என்றார் டாக்டர், தோலில் நீல மையால் கோடு இழுத்தபடி. "நாளைக்குச் சாயங்காலம் இதே சத்தம் கையில கேக்கணும்."

வெங்கடம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். மெட்டி கழன்ற விரல் செத்துப் போகவில்லை. சத்தம் போட்டது.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

*

மணி மூன்றே முக்கால்.

வெங்கடம்மா சாட்சிக் கட்டத்தில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். காவேரி பத்தாவது வரை படித்தவள். வங்கியில் சலான் எழுதத் தெரியாத அரைத் தெருவுக்கு எழுதிக் கொடுத்தவள். பேனாவை வலது கையில் வைத்துப் பார்த்தாள். அது விரல்களுக்கு நடுவே வழுக்கிப் படுக்கையில் விழுந்தது.

"இடது கை ரேகை போதும்," என்று சிஸ்டர் வின்சி மைப் பெட்டியை நீட்டினாள். காவேரியின் இருக்கிற ஒரே கட்டை விரல் மையில் அமுங்கி, காகிதத்தில் அமுங்கி, எழுந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் சூப்பர்வைசர் ஜெகதீஷ். ஒரு கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும். இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதம். ஆறு வாரமாக வராதவருக்கு ஆபரேஷனுக்கு முந்தின நாள் வழி தெரிந்துவிட்டது.

"எப்படிம்மா இருக்கே? ஆஞ்சப்பன் எங்க? சரி, அவன் இல்லாட்டி பரவால்ல. அன்னைக்கு நீ சொன்னியே, அதான் டைப் பண்ணி எடுத்தாந்திருக்கேன். ஒரு ஃபார்மாலிட்டி. மை காயறதுக்குள்ள இதுலயும் ஒரு ரேகை வெச்சிடு, வேல முடிஞ்சுது."

காவேரி கையை நீட்டினாள்.

அந்த விரல் காகிதத்தைத் தொடும் முன் வெங்கடம்மா அதைப் பிடித்துத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். வெளுத்த சேலையில் நீலமாக ஒரு தீற்றல்.

"அதுல என்னா எழுதியிருக்குதுன்னு படிங்க சார்."

"அதெல்லாம் ஆபீஸ் பாஷைம்மா, உங்களுக்கு…"

"பூவுக்கு ரப்பர் போடறவளுக்குப் புரியாதுன்றீங்களா? படிங்க. புரியலன்னா கேக்கறேன்."

ஜெகதீஷ் சுற்றிலும் பார்த்தார். இருளாயி பார்த்துக்கொண்டிருந்தாள், சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தாள், எதிர்க் கட்டில்காரர் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஜெகதீஷ் தொண்டையைச் செருமிப் படித்தார். "நிர்வாகத்துக்குத் தெரியாமல், எந்திரத்தின் பாதுகாப்புப் பட்டனை நானே ரப்பரால் கட்டி…"

"ரப்பரு எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதலியா?"

"அது… அது எதுக்கும்மா?"

"வெட்டினது நானு."

"அத்தே!" என்றாள் காவேரி.

"நீ சும்மாயிரு. செவப்பு டியூப்பு. எங்கூட்டு அரிவாள்மணையில வெட்டினது. மிச்சம் எங்கூட்டு அலமாரியில இருக்குது, இன்ஸ்பெக்டர் யாரா இருந்தாலும் வரச் சொல்லுங்க, காட்டறேன்." மெட்டி இருந்த இடது கையை இறுக மூடிக்கொண்டாள். "கட்டினது எம் மவன். அதையும் எழுதிக்குங்க. அவன் கட்டறப்போ அவனாண்ட நின்னு, எத்தினி பீஸு எத்தினி பீஸுன்னு கேட்டது யாருன்னு நீங்களே எழுதிக்குங்க."



ஜெகதீஷ் காகிதத்தை உறைக்குள் தள்ளினார். இரண்டு தடவை உள்ளே போகாமல் மடங்கியது. "பெத்த புள்ளையவே மாட்டி விடறீங்களேம்மா," என்றார். ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் வைப்பதா எடுத்துக்கொண்டு போவதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, வைத்துவிட்டே போனார்.

காவேரி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். "அவரு வந்தா என்னா சொல்லுவீங்க அத்தே?"

"வரட்டும். ஒன் கையப் பாக்கச் சொல்லுவேன். மொதல்ல அத."

சிஸ்டர் வின்சி சம்மதப் படிவத்தை ஃபைலில் வைத்தாள். மணி மூன்று ஐம்பது. "லிஸ்ட்ல சேத்துட்டு வந்துடறேன்" என்று கதவை நோக்கி நடந்தாள்.

அப்போது வெங்கடம்மாவின் இடுப்பில் செல்போன் அடித்தது.

திரையில் ஆஞ்சப்பன் பெயர்.

"டேய், எங்கடா செத்துத் தொலைஞ்ச…" என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் ஆஞ்சப்பன் இல்லை. வயதான ஆண் குரல், கன்னடம். "ஈ போன் யாரதம்மா?" இந்தப் போன் யாருடையது என்று கேட்டது.

அவளுக்கும் கன்னடம் தெரியும். ஓசூரில் தெரியாதவர் யார்? இந்த ஒரு நிமிடம் மட்டும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

பெங்களூரிலிருந்து ஓசூர் போகிற ரயில் பாதையில், ஹீலலிகே பக்கத்து ரயில்வே கேட்டில் வேலை செய்கிறவராம். தண்டவாளத்து ஓரமாக இந்தப் போன் கிடந்ததாம். பல தடவை அடித்ததாம். கேட்டை விட்டு வர முடியாததால் இப்போதுதான் போய் எடுத்தாராம். பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ஒரு ஈ.எஸ்.ஐ. கார்டு, காவேரி என்று பெயர் போட்டது. அதோடு நாலு ஜெராக்ஸ்.

ஆள்? ஆள் யாரும் கண்ணில் படவில்லை, தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் தாயீ, என்று கேட்டது குரல்.

வெங்கடம்மாவின் இடது கை மூடியிருந்தது. மூடின கைக்குள் மெட்டி. தன் கையால் கழற்றின மெட்டி. கழற்றி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கதவருகே சிஸ்டர் வின்சி திரும்பிப் பார்த்தாள். "வீட்டுக்காரரா? ஏதாவது மாத்தணுமா? மாத்தறதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

கட்டிலில் காவேரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது பாதத்தில் நீலக் கோடு இன்னும் ஈரமாக மின்னியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கால் இப்போதே தரையில் இறங்கிவிடும். பிறகு தீபாவளி தாண்டி என்றார்களே, அது வரவே வராது.

வெங்கடம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள். சிவப்புப் பட்டனைத் தேடி அமுக்கினாள்.

"ஒண்ணும் மாத்த வேணாம் சிஸ்டர். நீங்க போங்க."

கதவு ஆடி அடங்கியது.

"அவருதான அத்தே? என்னா சொன்னாரு?"

வெங்கடம்மா மெட்டியை முந்தானை நுனியில், அந்த நீலத் தீற்றலின் மேலேயே வைத்து, முடிச்சுப் போட்டாள். பூக்கட்டுக்குப் போடுவது போல இறுக்கமான முடிச்சு.

"ஜெராக்ஸ் கடையில கூட்டமாம் கண்ணு," என்றாள். "எடுத்துட்டானாம். வந்துட்டே இருக்கானாம்."